ஒரே ஒரு டிசிபி இணைப்பு ஒரு சர்வரை எப்படிச் சாய்க்க முடியும்?

கேள்வி 2019-இல் வெளிவந்த ‘சாக் பேனிக்’ என்ற லினக்ஸ் ஓட்டையைப் பற்றியது. சுருக்கமாக இப்படி: “சர்வருக்கு முன்னால் ஃபயர்வால் இருக்கிறது, பேண்ட்விட்த்தும் தாராளம். இந்த ஓட்டையால் தரவு எதுவும் திருடு போகாது, சேவை மட்டும்தான் நிற்கும் என்கிறார்கள். அப்புறம் ஏன் இத்தனை பதற்றம்? டிசிபியின் சாக் வசதியை அணைத்துவிட்டால் போதாதா?”

முதலில் நேரான பதில். அணைத்தால் அந்த ஓட்டை அடைபடும். ஆனால் பிழையைத் திருத்தும் பேட்ச் போடும்வரை தாக்குப்பிடிப்பதற்கான ஏற்பாடுதான் அது. அப்படியே விட்டுவைக்கக் கூடாது. வழக்கமான ஃபயர்வாலும் பேண்ட்விட்த்தும் இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட எந்தப் பாதுகாப்பும் தராது. ஏன் என்று புரிய, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சேவை மறுப்புத் தாக்குதல் என்றதும் நம் மனதில் வருவது வெள்ளம்போல் வரும் டிராஃபிக். ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைக் கொட்டும், குழாய் நிரம்பிவிடும், உண்மையான பயனர் உள்ளே வர முடியாது. அதற்கு பேண்ட்விட்த்தைக் கூட்டலாம், டிராஃபிக்கை வடிகட்டித் தரும் சேவைகளை முன்னால் வைக்கலாம். சாக் பேனிக் அந்த ரகம் இல்லை. இங்கே தாக்குபவருக்கு அளவு தேவையில்லை. கெர்னலின் நெட்வொர்க் நிரலில் இருக்கும் ஒரு கணக்குப் பிழையைத் தொட்டுவிட்டால் போதும். ஒழுங்காகத் தொடங்கிய ஒரு டிசிபி இணைப்பே அதற்குப் போதுமானது.

இணையத்தில் தரவு தொலையாமல் போய்ச் சேரப் பயன்படும் விதிமுறைதான் டிசிபி. அது தரவை வரிசை எண் போட்டு அனுப்புகிறது. பெறுபவர் “இதுவரை வந்துவிட்டது” என்று ஒப்புகை அனுப்புகிறார். பழைய முறையில் அந்த ஒப்புகைக்கு ஒரே ஒரு எண்தான். நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்து, அதற்குப் பின்னால் உள்ள பத்தும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தாலும், அந்தப் பத்தும் வந்தன என்று சொல்ல வழியில்லை. 1996 அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 2018 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதற்குத் தீர்வு தந்தது. அதுதான் சாக், தேர்ந்தெடுத்த ஒப்புகை. “இந்த எண்ணிலிருந்து அந்த எண்வரை வந்துவிட்டது, நடுவில் இருப்பது மட்டும் வேண்டும்” என்று பெறுபவர் தெளிவாகச் சொல்லலாம். அனுப்புபவர் தொலைந்ததை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். இன்று இணையத்தில் ஓடும் பெரும்பாலான டிசிபி இணைப்புகள் இதைப் பயன்படுத்துகின்றன. நல்ல வசதி, தேவையான வசதி.

அடுத்து எம்எஸ்எஸ், அதாவது ஒரு துண்டின் அதிகபட்ச அளவு. இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் “ஒரு துண்டில் எனக்கு இவ்வளவு பைட்டுக்கு மேல் அனுப்பாதே” என்று ஓர் எண்ணை அறிவிக்கின்றன. வழக்கமான ஈதர்நெட் இணைப்பில் அது 1460. ஆனால் எதிர்முனை என்ன எண் வேண்டுமானாலும் சொல்லலாம். மிகச் சிறிதாகச் சொன்னால் என்ன செய்வது? லினக்ஸ் அதற்கு 48 என்று ஒரு கீழ்வரம்பு வைத்திருந்தது. ஒவ்வொரு துண்டின் முன்னாலும் வரும் டிசிபி தலைப்பில் ஆப்ஷன் பகுதி அதிகபட்சம் 40 பைட். அதற்குமேல் தரவுக்கு 8 பைட்டாவது இருக்கட்டும் என்பது கணக்கு. ஆக, எதிர்முனை அடம்பிடித்தால் ஒவ்வொரு துண்டிலும் 8 பைட் தரவு மட்டுமே போகும் நிலையை உண்டாக்க முடியும். இந்த 8 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெர்னல் தான் அனுப்பும் தரவை ஒவ்வொரு சிறு துண்டாக வைத்திருப்பதில்லை. அப்படி வைத்தால் சிபியு தாங்காது. பல துண்டுகளுக்கான தரவை பஃபர் எனும் ஒரே பெரிய தற்காலிக நினைவிடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் பிரித்து அனுப்பும். பல நேரம் பிரிக்கும் வேலையை நெட்வொர்க் கார்டே செய்துவிடும். அந்தப் பஃபரில் அதிகபட்சம் 17 நினைவகப் பகுதிகள் இருக்கலாம். வழக்கமான எக்ஸ்86 கணினியில் ஒவ்வொரு பகுதியும் 32 கிலோபைட்வரை போகும். இந்தப் பஃபர் எத்தனை துண்டுகளாகப் பிரியும் என்ற எண்ணிக்கையையும் கெர்னல் கூடவே குறித்து வைக்கிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 16 பிட். அதாவது 65,535-க்கு மேல் எண்ண முடியாது.

இப்போது கணக்குப் போடுவோம். 17 பகுதிகள், ஒவ்வொன்றும் 32,768 பைட். மொத்தம் 5,57,056 பைட். துண்டுக்கு 1460 பைட் என்றால் 382 துண்டுகள்தான், 16 பிட் தாராளமாகப் போதும். துண்டுக்கு 8 பைட் என்றால்? 69,632 துண்டுகள். 65,535-ஐத் தாண்டிவிட்டது. எண்ணி சுற்றிவந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 69,632 என்று இருக்க வேண்டிய இடத்தில் 4,096 என்று நிற்கும்.

சாதாரணமாக ஒரே பஃபர் அவ்வளவு நிரம்பாது. நிரம்ப வைப்பது சாக். எதிர்முனை “இந்தப் பகுதி வந்துவிட்டது” என்று சொல்லும்போது, வந்துவிட்டவை எனக் குறித்த அடுத்தடுத்த பஃபர்களை கெர்னல் ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடும். வரிசை நீளம் குறையும், அடுத்த ஒப்புகையைப் பார்க்கும் வேலையும் குறையும். இந்தச் சேர்ப்பு 2009-இல் வந்த 2.6.29 கெர்னலிலிருந்து இருக்கிறது. சேர்க்கும்போது துண்டு எண்ணிக்கைகளையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலில்தான் எண்ணி வழிகிறது. பிறகு அதே நிரலில் ஒரு சோதனை வரும்: “இந்தப் பஃபரில் இருக்கும் துண்டுகளைவிட, நான் எடுத்து நகர்த்தும் துண்டுகள் அதிகமாக இருக்கக் கூடாது.” எண்ணி கெட்டுப்போனதால் அந்தச் சோதனை தோற்கிறது. தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்று நிரலை எழுதியவர் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று: நின்றுவிடு. கெர்னல் பேனிக். இயந்திரம் அப்படியே உறைந்துவிடும்.

பாதுகாப்பு ஓட்டைகளுக்கான சிவிஇ என்ற பொதுப் பட்டியலில் இந்த ஓட்டைக்கு சிவிஇ-2019-11477 என்று எண். நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஜொனாதன் லூனி கண்டுபிடித்தார். 2019 ஜூன் 17 அன்று பேட்ச்களோடு சேர்த்து வெளியிட்டார்கள். அதாவது ஓட்டை பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்திருக்கிறது. லினக்ஸின் டிசிபி நிரல் உலகத்திலேயே அதிகம் படிக்கப்படும், அதிகம் சோதிக்கப்படும் நிரல்களில் ஒன்று. அதிலேயே பத்து ஆண்டுகள்.

ஏன் யாரும் பார்க்கவில்லை? இங்கேதான் எனக்கு இந்த விஷயத்தின் சாரம் இருக்கிறது. மேலே சொன்ன முடிவுகளில் எதுவும் தனியாகப் பார்த்தால் தவறில்லை. 48 என்ற கீழ்வரம்புக்குக் காரணம் இருந்தது. 16 பிட் எண்ணி, எல்லோரும் சந்திக்கும் எம்எஸ்எஸ் மதிப்புகளுக்குப் போதுமானதைவிடப் பல மடங்கு அதிகம். பஃபர்களைச் சேர்ப்பது நல்ல மேம்பாடு. மூன்றும் வேறு வேறு இடங்களில் உள்ள நிரல்கள். மூன்றையும் கோக்கும் நூல் ஒன்றுதான்: எம்எஸ்எஸ் என்ற எண்ணைத் தேர்ந்தெடுப்பது நாம் இல்லை, எதிர்முனை. நெட்வொர்க் நிரலில் நான் முதலில் தேடச் சொல்வது இதைத்தான். எதிர்முனை சொல்லும் எண் எது, அது உள்ளே எங்கெல்லாம் வகுக்கும் எண்ணாக, அளவாக, வரிசையாக மாறுகிறது, அதன் மிக மோசமான மதிப்பில் நம் பக்கம் எவ்வளவு செலவாகும்? சராசரி மதிப்பில் நிரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது பாதுகாப்புக்கு உதவாத கேள்வி.

இப்போது ஃபயர்வாலுக்கு வருவோம். இந்தத் தாக்குதலில் வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் விதிப்படி சரியானது. இணைப்பைத் தொடங்க இரு முனைகளும் செய்துகொள்ளும் சரியான ஹேண்ட்ஷேக், சரியான எம்எஸ்எஸ் ஆப்ஷன், சரியான சாக் ஆப்ஷன். நீங்களே திறந்துவைத்த 443 போர்ட்டுக்குத்தான் வருகின்றன. தாக்குபவர் ஒரு கோப்பைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர் வேடத்தில் இருக்கிறார். பெரிய தரவை அனுப்புவது உங்கள் சர்வர். அதனால் போர்ட் பார்த்து, ஐபி முகவரி பார்த்து முடிவெடுக்கும் ஃபயர்வாலுக்கு இதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. தாக்குபவருக்கு ஒரே தடை, ஹேண்ட்ஷேக் முழுமையாக முடிய வேண்டும் என்பது. போலி முகவரியிலிருந்து சும்மா வீசிவிட்டுப் போக முடியாது.

முன்னால் லோட் பேலன்சர் இருந்தால்? அது டிசிபி இணைப்பைத் தானே முடித்துக்கொண்டு பின்னால் புதிய இணைப்பு திறக்கும் ரகமா, பாக்கெட்டை அப்படியே கடத்திவிடும் ரகமா என்று பாருங்கள். முதல் ரகம் என்றால் அடி விழுவது லோட் பேலன்சரின் கெர்னலுக்கு. அது லினக்ஸாக இருந்தால் முதலில் பேட்ச் போட வேண்டிய இயந்திரம் அதுதான். இரண்டாவது ரகம் என்றால் பின்னால் உள்ள சர்வர்கள் நேராகவே வெளியே தெரிகின்றன.

“சேவை மட்டும்தான் நிற்கும்” என்ற வாதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. பேனிக் ஆவது ஒரு வெப் சர்வர் புராசஸ் அல்ல, முழு கெர்னல். ஒரே இயந்திரத்தில் இருபது கன்டெய்னர்கள் ஓடுகின்றன, அதில் ஒன்று மட்டும்தான் இணையத்துக்குத் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர்கள் எல்லாம் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஒன்றின் வழியாக வந்த அடியில் இருபதும் போகும். தனித்தனி வெர்ச்சுவல் மெஷின்களாக இருந்தால் அடிபட்டது மட்டும் விழும். அப்புறம், டிஸ்க்கில் எழுதி முடியாத தரவு, பாதியில் நின்ற பரிவர்த்தனைகள், டேட்டாபேஸ் மீண்டு எழ எடுக்கும் நேரம் எல்லாம் இருக்கின்றன. மாற்று சர்வர் தானாகப் பொறுப்பேற்கும் ஏற்பாடும் இங்கே அதிகம் உதவாது. மாற்று சர்வரிலும் அதே கெர்னல்தானே ஓடுகிறது? ஹார்டுவேர் கோளாறு அடுத்த இயந்திரத்துக்குத் தொடர்ந்து வராது, தாக்குபவர் வருவார்.

சோதனை தோற்றால் இயந்திரத்தையே நிறுத்திவிடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘பக்-ஆன்’ என்று கெர்னல் எழுதுபவர்கள் சொல்லும் அந்தக் கட்டளை, “இது நடக்கவே முடியாது, நடந்தால் மேலே போகாதே” என்று பொருள்படும். சாதாரண புராசஸ் ஒன்றின் சார்பாக கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் பெரும்பாலும் அந்தப் புராசஸ் மட்டும் சாகும். ஆனால் உள்ளே வரும் பாக்கெட்டுகளைக் கவனிக்கும் வேலை இன்டரப்ட் சூழலில், அதாவது எந்தப் புராசஸின் சார்பாகவும் இல்லாமல், நடக்கிறது. அங்கே கொல்வதற்கு எந்தப் புராசஸும் இல்லை, இயந்திரமே போகும். லினக்ஸ் ஆவணங்களே இப்போது இந்தக் கட்டளையைப் புதிய நிரலில் பயன்படுத்த வேண்டாம், எச்சரிக்கை பதிந்துவிட்டு முடிந்தவரை சமாளியுங்கள் என்கின்றன. எண்ணி வழிவதைக் கவனித்து அந்த ஒரு இணைப்பை மட்டும் துண்டித்திருந்தால், சாக் பேனிக் யாருக்கும் பெயர் தெரியாத சிறு பிழையாகவே போயிருக்கும். மறுபக்க வாதமும் உண்டு: கெட்டுப்போன எண்ணியோடு தொடர்ந்து ஓடினால் நினைவகமே கெட்டுப்போகலாம், அது இன்னும் ஆபத்து. நியாயம்தான். ஆனால் வெளியாள் தூண்டக்கூடிய இடத்தில் அந்தச் சோதனை இருக்கிறதா இல்லையா என்பதுதான் எனக்கு முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி.

அதே நாளில் வெளிவந்த மற்ற ஓட்டைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிவிஇ-2019-11478 இயந்திரத்தைச் சாய்க்காது, மெதுவாக்கும். எதிர்முனை சாக்கைத் தந்திரமாகப் பயன்படுத்தி, திரும்ப அனுப்புவதற்காக வைத்திருக்கும் வரிசையைப் பொடிப்பொடியாக உடைக்கிறது; அடுத்து வரும் ஒவ்வொரு ஒப்புகைக்கும் கெர்னல் அந்த நீண்ட பட்டியலை நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 4.15-க்கு முந்தைய கெர்னல்களில் அந்த வரிசை வெறும் பட்டியல்தான், வேகமாகத் தேட உதவும் மர வடிவ அமைப்பாக மாற்றப்பட்டிருக்கவில்லை; அதனால் அங்கே பாதிப்பு கடுமை. சிவிஇ-2019-11479 இன்னும் எளிமையானது: குறைந்த எம்எஸ்எஸ் சொல்லி, ஒரே தரவை ஏராளமான குட்டித் துண்டுகளாக அனுப்பவைத்து சிபியுவையும் பேண்ட்விட்த்தையும் விரயமாக்குவது. ஃப்ரீபிஎஸ்டி 12-இல் ராக் என்ற டிசிபி தொகுப்பைப் பயன்படுத்தியவர்களுக்கும் இதே மாதிரியான மந்தப் பிரச்சினை இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2018 ஆகஸ்டில், செக்மென்ட்ஸ்மாக் வந்தது, சிவிஇ-2018-5390. யூஹா-மட்டி தில்லி என்ற ஃபின்லாந்து ஆய்வாளர் தெரிவித்தது. அங்கே எதிர்முனை தேர்ந்தெடுப்பது எண்ணை அல்ல, வரிசையை. துண்டுகளை வேண்டுமென்றே முன்பின்னாக, குட்டி குட்டியாக அனுப்பினால், பெறும் கெர்னல் அவற்றைத் தனி வரிசையில் காத்திருக்க வைக்கும். இடம் நிரம்பும்போது அவற்றைச் சுருக்கப் பார்க்கும், முடியாவிட்டால் கொஞ்சம் எறியும். எறிவது மிகக் குறைவாக இருந்ததால் அடுத்த குட்டிப் பாக்கெட்டுக்கும் அதே விலையுயர்ந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. நொடிக்கு ஏறக்குறைய 2,000 பாக்கெட்டுகள் அளவிலான ஓட்டமே ஒரு சிபியு கோரைத் திணறடிக்கப் போதுமானதாக இருந்தது. எரிக் டூமாசே எழுதிய திருத்தத்தின் ஒரு பகுதி அழகானது: எறிவதென்று வந்தால் பெறும் பஃபரில் குறைந்தது எட்டில் ஒரு பங்கையாவது எறி. ஒரு முறை செய்த பெரிய வேலை பல பாக்கெட்டுகளுக்குப் பயன்படும். தாக்குபவரின் ஒரு பாக்கெட்டுக்கு நம் செலவு சிறியதாகிவிடும். கொஞ்ச நாளில் ஐபி துண்டுகளைச் சேர்க்கும் இடத்திலும் இதே போன்ற ஓட்டை ஃப்ராக்மென்ட்ஸ்மாக் என்ற பெயரில் வெளிவந்தது; விண்டோஸையும் அது பாதித்தது.

வடிவம் ஒன்றும் புதிதல்ல. 1996 வாக்கில் பல இயங்குதளங்களைச் சாய்த்த ‘பிங் ஆஃப் டெத்’தும் 16 பிட் கணக்குத்தான். ஐபி பாக்கெட்டின் மொத்த நீளம் 65,535 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் துண்டின் தொடக்க இடத்தைச் சொல்லும் எண் 65,528வரை போகலாம். கடைசித் துண்டில் ஏழு பைட்டுக்கு மேல் வைத்தாலே வரம்பு உடைந்துவிடும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது.

நிரந்தரத் தீர்வு பேட்ச்தான். சாக் பேனிக்கின் திருத்தம் 5.1.11, 4.19.52, 4.14.127, 4.9.182, 4.4.182 கெர்னல்களில் வந்தது. திருத்தம் சில வரிகள்தான்: சேர்த்தால் எண்ணிக்கை 65,535-ஐத் தாண்டும் என்றால் சேர்க்காதே. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நிறுவனங்களுக்கான லினக்ஸ் வெளியீடுகள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்ப்பார்கள், 3.10 என்று காட்டும் கெர்னல்கூடத் திருத்தப்பட்டதாக இருக்கலாம். உங்கள் வெளியீட்டாளரின் அறிவிப்பில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். பேக்கேஜை நிறுவியபின் ரீபூட் செய்தால்தான் புதிய கெர்னல் ஓடும். நிறுவிவிட்டு மாதக்கணக்கில் ரீபூட் செய்யாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

உடனே ரீபூட் செய்ய முடியாதவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, சாக்கை அணைப்பது. இதற்கு விலை உண்டு: தொலைவான, பாக்கெட் தொலையும் இணைப்புகளில் ஒரே நேரத்தில் பல துண்டுகள் தொலைந்தால், சாக் இல்லாத டிசிபி ஒரு சுற்றுப் பயணத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அவற்றை மீட்கும். மொபைல் பயனர்கள் இதை நன்றாகவே உணர்வார்கள். அத்துடன், சாக் வேண்டுமா என்பது இணைப்பு தொடங்கும்போதே முடிவாகிவிடுவதால், அணைத்த நேரத்தில் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது வழி, மிகக் குறைந்த எம்எஸ்எஸ் சொல்லிக்கொண்டு வரும் புதிய இணைப்புகளை ஃபயர்வாலிலேயே தடுப்பது. 500-உம் அதற்குக் கீழும் என்பதுதான் அப்போது பரிந்துரைத்த வரம்பு. நான் இதையே முதலில் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் சாக் பேனிக்கோடு சேர்த்துக் குறைந்த எம்எஸ்எஸ் விரயத்தையும் இது தடுக்கிறது, நல்ல பயனர்களின் வேகமும் குறைவதில்லை. இரண்டு எச்சரிக்கைகள்: பாதை தாங்கும் பாக்கெட்டின் அதிகபட்ச அளவான எம்டியு-வைத் தேடிக் கண்டுபிடிக்கும் டிசிபி அமைப்பு அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வடிகட்டியைத் தாண்டி எம்எஸ்எஸ் குறையலாம். அரிதாகச் சில நியாயமான பழைய இணைப்புகளும் தடுக்கப்படலாம், லாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்ச் போட்ட கெர்னலில் அனுப்பும் எம்எஸ்எஸ்ஸின் கீழ்வரம்பை நாமே மாற்றிக்கொள்ளும் புதிய அமைப்பும் வந்தது. யாருடைய இணைப்பும் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் இயல்பு மதிப்பை 48 ஆகவே விட்டுவிட்டார்கள். அதாவது 11479 எண் கொண்ட ஓட்டை, பேட்ச் போட்டாலும் தானாக முழுதும் மூடாது. இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வர்களில் அந்த மதிப்பை நீங்களே உயர்த்த வேண்டும்.

11478-க்கான முதல் திருத்தம் கொஞ்சம் கடுமையாக இருந்ததால், மிகச் சிறிய அனுப்பு பஃபர் வைத்திருந்த சில நிரல்களின் இணைப்புகள் நின்றுபோயின. சில நாட்களிலேயே அதைத் தளர்த்தி இன்னொரு திருத்தம் வந்தது. ஆகவே ஜூன் மாதத்து முதல் பேட்ச்சோடு நின்றுவிட்ட இயந்திரம் எதுவும் உங்களிடம் இருந்தால் அதையும் மேலே கொண்டுவாருங்கள்.

கடைசியாக, பேனிக் ஆனால் என்ன செய்ய வேண்டும் என்ற கெர்னல் அமைப்பைப் பாருங்கள். வெளியீட்டாளர்கள் மாற்றாத மூல கெர்னலில் அதன் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது யாராவது வந்து கைவைக்கும்வரை இயந்திரம் அப்படியே நிற்கும். அதை 10 என்று வைத்தால் பத்து நொடியில் தானாக ரீபூட் ஆகும். கூடவே பேனிக் நேரத்து நினைவகத்தைச் சேமிக்கும் கேடம்ப் வசதியையும் இயக்கி வையுங்கள். காரணம் தெரியாமல் விழுந்து எழும் சர்வரை ஹார்டுவேர் கோளாறு என்று நினைத்து ரேமை மாற்றிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, எந்த வரியில் நின்றது என்று அந்தக் கோப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.